வெளிநாட்டு சப்ளையருக்கு அட்வான்ஸ் அனுப்பப் போறீங்களா? அதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்னென்ன?

போட்டோவில் பளபளக்கும் எல்இடி விளக்கு. விலையோ ரிச்சி தெருவில் கேட்பதில் பாதி. வாட்ஸ்அப்பில் பேசும் சீன சப்ளையர், '30 சதவீதம் அட்வான்ஸ் போடுங்க, உடனே தயாரிப்பைத் தொடங்கிடுவோம்' என்கிறார். பெரும்பாக்கத்தில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பொருள் விற்கும் ஒருவருக்கு இப்படி ஒரு மெசேஜ் வருவதாக வைத்துக்கொள்வோம். 4,000 டாலர் ஆர்டர் என்றால் அட்வான்ஸ் மட்டும் 1,200 டாலர். சிறு வியாபாரிக்கு அது பல மாதச் சேமிப்பு.

அந்த சப்ளையர் உண்மையானவர்தானா? அனுப்பும் சரக்கு தரமாக இருக்குமா? வந்த சரக்கை சுங்கத்துறை வெளியே விடுமா? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் சரியாகிவிடாது. 2020-ல் அரசுகளே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

ரேபிட் கிட் விவகாரத்தில் நடந்தது என்ன?

கொரோனா முதல் அலையின்போது, 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து ரேபிட் ஆன்டிபாடி பரிசோதனைக் கிட்டுகள் இந்தியாவுக்கு வந்தன. தமிழ்நாடு அரசும் தனியாக 50,000 கிட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கிட்டுகள் சரியான முடிவைக் காட்டவில்லை என்று ராஜஸ்தானிலிருந்து முதலில் புகார் வந்தது. ஏப்ரல் 27-ம் தேதி, இரண்டு சீன நிறுவனங்களின் கிட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று மாநிலங்களுக்கு ஐசிஎம்ஆர் கடிதம் எழுதியது. தமிழ்நாட்டுக்கு வந்திருந்த 24,000 கிட்டுகளும் திருப்பி அனுப்பப்படும் என அரசு அறிவித்தது.

தங்கள் தயாரிப்பில் குறை இல்லை என்று அந்த நிறுவனங்கள் மறுத்தன. அவை போலி நிறுவனங்களும் அல்ல. ஆனாலும் களத்தில் கிட்டுகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை.

விலை விவகாரமும் வெடித்தது. இறக்குமதிச் செலவு 245 ரூபாய் ஆன கிட், இடையில் இருந்த நிறுவனங்களைத் தாண்டி 600 ரூபாய்க்கு அரசிடம் வந்தது. இறக்குமதியாளருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையிலான வழக்கில், 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது.

அப்போது மத்திய அரசு சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது: முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை, எனவே ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை.

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்பெயினுக்கும் இதே தலைவலி. அங்கு வாங்கிய சீன கிட்டுகளின் துல்லியம் 30 சதவீத அளவே இருந்தது. அந்த நிறுவனத்துக்கு விற்பனை உரிமமே கிடையாது என்று சீனத் தூதரகம் பிறகு தெரிவித்தது. ஆர்டருக்கு முன்பே உரிமத்தைச் சரிபார்த்திருந்தால் அந்தக் கட்டத்திலேயே நின்றிருக்கும்.

முதல் கேள்வி: கம்பெனி உண்மையானதா?

சீன சப்ளையர் என்றால் 'பிசினஸ் லைசென்ஸ்' நகலைக் கேளுங்கள். சீன மொழியில் இருக்கும் அசல் நகல் வேண்டும். அதில் எண்களும் எழுத்துகளும் கலந்த 18 இலக்க அடையாளக் குறியீடு இருக்கும். சீன அரசின் நிறுவனப் பதிவு இணையதளத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டால், கம்பெனி எப்போது தொடங்கியது, சட்டப்பூர்வப் பிரதிநிதி யார், எந்தத் தொழிலுக்குப் பதிவு செய்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். தளம் சீன மொழியில் இருந்தாலும் மொபைல் மொழிபெயர்ப்பு வசதியே போதும்.

'நாங்களே ஃபேக்டரி' என்பார்கள். பதிவில் 'வர்த்தகம்' மட்டும் இருந்தால் அவர் இடைத்தரகராக இருக்க வாய்ப்பு அதிகம். இடைத்தரகரிடம் வாங்குவது தப்பில்லை. ஆனால் ஃபேக்டரி விலை என்று நம்பி ஏமாறக் கூடாது.

ஹாங்காங், சிங்கப்பூர், பிரிட்டன் நிறுவனங்கள் என்றால் அந்தந்த நாட்டு அரசுப் பதிவேடுகளை ஆன்லைனிலேயே தேடலாம். வர்த்தகத் தளங்களில் தெரியும் தங்க நிற பேட்ஜை மட்டும் நம்பிவிட வேண்டாம். அது பணம் கட்டி வாங்கிய உறுப்பினர் அடையாளமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: சரக்கு தரமானதா?

முதலில் சாம்பிள். அதைப் பயன்படுத்திப் பார்த்து, ஒன்றை சீல் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். எடை, அளவு, வாட், பேக்கிங் என எல்லா விவரத்தையும் ஆர்டரில் எழுதுங்கள். 'சாம்பிள் மாதிரியே' என்று வாயால் சொன்னது தகராறு வந்தால் நிற்காது.

தொகை பெரிதாக இருந்தால், கப்பலில் ஏற்றும் முன் எஸ்ஜிஎஸ், பியூரோ வெரிடாஸ், இன்டர்டெக் போன்ற ஆய்வு நிறுவனங்களை வைத்துச் சோதிக்கலாம். ஆய்வாளரை நீங்களே நியமிக்க வேண்டும், சப்ளையர் ஏற்பாடு செய்யக் கூடாது.

ஆய்வு நடந்தாலும் கண்டெய்னர் சீல் எண்ணைக் கவனிக்க வேண்டும். 2020-ல் மெர்குரியா என்ற பெரிய சர்வதேச வர்த்தக நிறுவனம் துருக்கியில் தாமிரம் வாங்கியது. ஆய்வாளர் முன்னால் ஏற்றப்பட்டது தாமிரம்தான். பிறகு சீலை உடைத்து, பெயின்ட் அடித்த கற்களை மாற்றி வைத்துவிட்டார்கள். சுமார் 3.6 கோடி டாலர் கொடுத்த பிறகு, கண்டெய்னரைச் சீனாவில் திறந்தபோதுதான் கல் என்று தெரிந்தது.

மூன்றாவது கேள்வி: இந்தியாவுக்குள் வர முடியுமா?

இறக்குமதி செய்ய ஐஇசி எண் வேண்டும். டிஜிஎஃப்டி இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் எண் முடக்கப்படும்.

எல்இடி விளக்கு, பவர் பேங்க், அடாப்டர் போன்றவற்றுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் முத்திரை கட்டாயம். ப்ளூடூத் சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் தேவை. பிஐஎஸ் பதிவு அந்தந்தத் தயாரிப்பு ஆலையின் பெயரில் இருக்கும். சப்ளையர் தரும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு, அதே ஆலைதானா, அதே பொருள்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும், வாடகை மீட்டர் ஓடும்.

பணத்தை எப்படி அனுப்புவது?

வழக்கத்தில் உள்ள முறை 30 சதவீதம் அட்வான்ஸ், சரக்கு கப்பல் ஏறியதற்கான ஆவணம் வந்த பிறகு மீதி 70. முழுப் பணமும் முதலிலேயே கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

வங்கி மூலம் எல்சி திறப்பது இன்னும் பாதுகாப்பு. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். எல்சியில் வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அல்ல. அதனால் ஆய்வுச் சான்றிதழையும் எல்சி ஆவணப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு கம்பெனி பெயரிலேயே இருக்க வேண்டும். தனிநபர் கணக்கு, வேறு நாட்டுக் கணக்கு என்றால் நிறுத்துங்கள். 'எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு' என்று திடீரென மெயில் வந்தால், பழைய போன் நம்பரில் கூப்பிட்டுப் பேசாமல் பணம் அனுப்பாதீர்கள். மெயிலை ஹேக் செய்து, நிஜ சப்ளையர் பெயரிலேயே இப்படி ஏமாற்றுகிறார்கள்.

ஏமாந்துவிட்டால் யாரிடம் போவது?

பண மோசடி என்றால் உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு. தாம்பரம் காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவிலும் புகார் தரலாம். தரக் குறைவு, ஒப்பந்தத் தகராறு என்றால் டிஜிஎஃப்டியிடம் மனு செய்யலாம், அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் எழுதலாம். இவர்களால் சமரசத்துக்கு முயற்சி செய்ய முடியும், பணத்தை வாங்கித் தர உத்தரவாதம் கிடையாது. வெளிநாட்டில் வழக்கு நடத்தும் செலவு பெரும்பாலும் இழந்த தொகையைவிட அதிகமாகிவிடும்.

பெரும்பாக்கம் வியாபாரிக்குத் திரும்புவோம். லைசென்ஸ் நகல், பிஐஎஸ் எண், கம்பெனி பெயரிலான வங்கிக் கணக்கு. இந்த மூன்றையும் அவர் அந்த சப்ளையரிடம் கேட்க வேண்டும். நிஜமான ஏற்றுமதியாளருக்கு இவை தினமும் கேட்கும் கேள்விகள்தான், தயங்காமல் அனுப்பிவிடுவார். 'இன்னைக்கே போட்டாதான் இந்த விலை' என்று அவசரப்படுத்தினால், 1,200 டாலர் கையிலேயே இருக்கட்டும்.