பிரேக் போட்டால் மின்சாரம்!

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் உங்கள் வீட்டில் இருக்கிறதா, குழந்தைகளே? வேகமாக இருபது தடவை அடித்துவிட்டு, பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்! காற்றை அழுத்தினால் அது சூடாகும். இந்தச் சின்ன விஷயத்தை நம்பித்தான் இத்தனை லாரிகளும் பஸ்களும் ஓடுகின்றன.

பெட்ரோல் என்ஜினில் 'ஸ்பார்க் பிளக்' தீப்பொறி கொடுத்து எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் என்ஜினில் அந்த வேலையே இல்லை. சிலிண்டருக்குள் வரும் காற்றை, பிஸ்டன் 15-ல் ஒரு பங்கு இடத்துக்குள் போட்டு நெருக்கும். சில என்ஜின்களில் 20-ல் ஒரு பங்கு. காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பூந்தூறலாகத் தெளித்தால், 'குப்'பென்று தானே பற்றிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல். 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இவரது என்ஜினைச் சோதித்தபோது, எரிபொருளில் இருந்த சக்தியில் நூற்றுக்கு 26 பங்கு உருப்படியான வேலையாக மாறியது. அந்தக் காலத்து நீராவி என்ஜின்களால் இதில் பாதிகூட முடியவில்லை. பாவம், 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர் நடுக்கடலில் காணாமல் போனார். என்ன நடந்தது என்பது இன்றும் புதிர்தான்.

சரி, இவ்வளவு கெட்டிக்கார என்ஜினுக்கு என்ன குறை? டவுன் பஸ்சில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். சிக்னலில் பஸ் நிற்கும். என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே டீசலைக் குடிக்கும். பிறகு கிளம்பும், அடுத்த ஸ்டாப்பில் பிரேக். வேகம் பிடிக்கச் செலவழித்த சக்தியெல்லாம் பிரேக்கில் வெறும் சூடாகப் போய்விடும்.

அந்தச் சக்தியைப் பிடித்து வைப்பதுதான் 'ஹைபிரிட்' வண்டியின் தந்திரம். சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால், மிதிப்பது கனமாகும், விளக்கு எரியும் அல்லவா? அதே கதைதான். ஹைபிரிட் வண்டியில் என்ஜினோடு ஒரு மின்மோட்டாரும் பேட்டரியும் உண்டு. பிரேக்கை மிதித்ததும் மோட்டார் டைனமோவாக மாறும். சக்கரத்தின் வேகம் குறையும், பேட்டரி ஏறும். மறுபடி கிளம்பும்போது அந்த மின்சாரமே வண்டியைத் தள்ளும். சிக்னலில் நின்றால் என்ஜின் தானாகவே அணைந்துவிடும்.

இது புதுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். 1900-லேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர், பெட்ரோல் என்ஜினையும் மின்மோட்டாரையும் சேர்த்து ஒரு கார் செய்தார். ஆனால் ஏராளமாக உற்பத்தியான முதல் ஹைபிரிட் கார், 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான்.

அப்படியானால் ஹைபிரிட்டுக்கே வெற்றியா? அவசரப்படாதீர்கள்! சென்னையிலிருந்து மதுரைக்கு இரவெல்லாம் ஒரே வேகத்தில் ஓடும் லாரியை நினைத்துப் பாருங்கள். பிரேக்கே போடாதபோது எதைச் சேமிப்பது? பேட்டரியைச் சுமப்பதுதான் மிச்சம். அங்கே டீசல்தான் ராஜா. ஊருக்குள் வந்துவிட்டால், ராஜா மாறிவிடுவார்.

இன்னொரு வேடிக்கை. டீசல் ரயில் என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது மின்சாரம் தயாரிக்கும். மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். வேகத்தைக் குறைக்கும்போதும் அந்த மோட்டார்களில் மின்சாரம் கிடைக்கும். ஆனால் சேமிக்கப் பெரிய பேட்டரி இல்லையே! கம்பிச்சுருளில் சூடாக்கி, காற்றில் ஊதிவிடுகிறார்கள்.

காசு மட்டும் அல்ல, மூச்சும் இதில் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் அறிவித்தது. அதிலுள்ள நுண்ணிய கரித்தூள் நுரையீரலின் ஆழம்வரை போகும். பெரியவர்களைவிட நீங்கள் வேகமாக மூச்சு விடுகிறீர்கள். உங்கள் உயரமும் புகைக்குழாய்க்கு ரொம்பப் பக்கம்!

புதிய டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் கருவிகள் உண்டு. ஆனாலும் 2015-ல் ஒரு குட்டு வெளிப்பட்டது. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி தன் டீசல் கார்களில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை ஒளித்து வைத்திருந்தது. புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் கார் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். சாலைக்கு வந்ததும் பழைய குணம். பரீட்சையில் காப்பி அடித்தது மாதிரிதான்! அந்தக் கம்பெனி கோடிக்கணக்கான டாலர் அபராதம் கட்டியது.

டீசலும் ஹைபிரிட்டும் சண்டைக்காரர்கள் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் லண்டன் சாலைகளுக்கு வந்த புதிய சிவப்பு மாடி பஸ்களில் இரண்டும் உண்டு. டீசல் என்ஜின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், பிரேக் பேட்டரியை நிரப்பும்.