தேர்வுக்குப் பதில் ஒரு கணக்கு

மாணவர்களே, 1951-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் மேற்படிப்பு மாணவர்களுக்குப் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ ஒரு வாய்ப்பு அளித்தார். இறுதித் தேர்வு எழுதலாம். அல்லது ஒரு கணக்கைத் தீர்த்துக் கட்டுரை தரலாம். எழுத்துகளை 0, 1 என்னும் இரு குறிகளால் மிகச் சுருக்கமாக எழுதுவது எப்படி என்பதே அந்தக் கணக்கு. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் கட்டுரையைத் தேர்ந்தார். ஃபானோவுக்கே முழு விடை கிட்டாத கணக்கு அது என்பதை அவர் அறியார்!

ஒரு செய்தியில் க 50, ச 25, ட 15, ப 10 முறை வருவதாகக் கொள்வோம். எழுத்துக்கு இரண்டு குறிகள் வீதம் 200 குறிகள் தேவை. ஃபானோ மேலிருந்து பிரித்து வந்தார். ஹஃப்மனோ அடியிலிருந்து சேர்த்தார். மிகக் குறைந்த இரண்டைச் சேருங்கள்: 10+15=25. மீண்டும் அவ்வாறே: 25+25=50; 50+50=100. ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு கிளைக்கு 0, மறு கிளைக்கு 1 இட்டு, உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் படியுங்கள். க=0, ச=10, ட=110, ப=111. இப்போது 175 குறிகளே போதும்!

எந்தக் குறியீடும் மற்றொன்றின் தொடக்கமாக அமையாததால் இடைவெளியும் வேண்டாம். 1952-இல் வெளியான இம்முறை இன்று ஜேபெக் படங்களிலும் ஜிப் கோப்புகளிலும் பயன்படுகிறது.

1011010110 என்பதைப் படித்துப் பாருங்கள், மழையோசை கேட்கும்!