தொலைக் களஞ்சிய நுழைவுத் தடையும் பிழைச்செய்தி மொழிபெயர்ப்பும்

மொழித்தரவுகள் பலவும் இன்று கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் பேணப்படுகின்றன. யுனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டத்தின் தமிழ்த் தொடரமைப்பு மரவங்கியும் கிட்ஹப் தளத்தில் உள்ளது. ஆதலின், நிரலையோ தரவையோ கணிப்பொறியிலிருந்து தொலைக் களஞ்சியத்துக்கு அனுப்புகையில் நுழைவு மறுக்கப்படுவது நிரலாளர்க்கு மட்டுமன்றி மொழியியலார்க்கும் நேரும் இடர்ப்பாடாகும்.

இவ்விடர் இருவகைத்து. அனுப்புபவர் யார் என்பது நிறுவப்படாமை ஒன்று. நிறுவப்பட்டும் எழுதும் உரிமை இன்மை மற்றொன்று. முன்னதை அடையாள உறுதிப்பாடு பற்றியது எனவும் பின்னதை உரிமையளிப்புப் பற்றியது எனவும் கொள்ளலாம். தீர்வு இவ்வேறுபாட்டையே சார்ந்துள்ளது. ஆங்கிலச் செய்திகளோ இதனைச் சீராகப் பேணுவதில்லை. இணைய நெறிமுறையின் 401 ஆம் குறியீடு ‘அன்ஆத்தரைஸ்டு’ எனப் பெயர் பெற்றிருப்பினும் அது குறிப்பது தக்க அடையாளச் சான்று இன்மையையே. உரிமை மறுப்புக்கு உரியது 403. எஸ்எஸ்எச் வழியில் தோன்றும் ‘பெர்மிஷன் டினைடு’ என்னும் தொடரும் அத்தகையதே. அதனை அடுத்து வரும் ‘பப்ளிக்கீ’ என்னும் சொல்தான், பயனரின் பொதுத் திறவி ஏற்கப்படவில்லை என்பதை உணர்த்துகிறது. இதனை ‘அனுமதி மறுக்கப்பட்டது’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பயனர் களஞ்சிய உரிமையாளரிடம் அனுமதி வேண்டி நிற்பார்; செய்யவேண்டியதோ தம் பொதுத் திறவியைத் தம் கணக்கில் பதிதலாகும்.

கிட்ஹப் 2021 ஆகஸ்டு 13 முதல் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அதற்கு ஈடாக, கணக்கின் அமைப்புப் பக்கத்தில் உருவாக்கும் அணுகு டோக்கனை இடவேண்டும். எனினும் கிட் கேட்பது இன்றும் ‘பாஸ்வேர்டு’ என்றே. சரியான கடவுச்சொல்லைத் தந்தும் தோற்பவர் தம் தட்டச்சையே ஐயுறுவது இதனால்தான். தமிழில் ‘கடவுச்சொல் அல்லது டோக்கன்’ என விரித்தல் தகும்.

403 உடன் வரும் செய்தி நுணுகி நோக்கத்தக்கது. ‘பெர்மிஷன் டு’ எனக் களஞ்சியத்தின் பெயரும், ‘டினைடு டு’ எனப் பயனர் பெயரும் அதில் இடம்பெறும். இருமுறை வரும் ‘டு’ என்னும் முன்னுருபை இரண்டிடத்தும் ‘கு’ உருபால் பெயர்த்தால் மறுக்கப்பட்டவர் யார் என்பது மயங்கும். ‘இன்ன களஞ்சியத்தில் எழுத இன்னாருக்கு உரிமை இல்லை’ என ஏழாம் வேற்றுமையையும் நான்காம் வேற்றுமையையும் பிரித்தாளுதல் வேண்டும். பழுதின் காரணம் நான்காம் வேற்றுமை ஏற்ற அப்பெயரில்தான் உள்ளது. அங்கு வேறொரு கணக்கின் பெயர் தோன்றினால், முன்னர்ச் சேமித்த சான்று கேளாமலே அனுப்பப்படுகிறது எனத் துணியலாம். 401 இல் தோற்ற சான்றை நீக்குமாறு கிட் தானே பணிக்கும்; 403 இல் அவ்வாறு செய்யாது. விண்டோசின் சான்று மேலாளரிலிருந்தோ மேக்கின் சாவிக்கொத்திலிருந்தோ பயனரே அதனை நீக்குதல் வேண்டும். தம் பெயரே தோன்றின், டோக்கனுக்கு எழுதும் உரிமை உண்டா, களஞ்சியத்தில் தாம் பங்களிப்பாளராகச் சேர்க்கப்பட்டுள்ளாரா என ஆராய்க.

‘களஞ்சியம் காணப்படவில்லை’ என்னும் செய்தி மட்டும் இதற்கு விலக்கு. முகவரிப் பிழையாலும் அது தோன்றும். தனிக் களஞ்சியத்தைக் காணும் உரிமை இல்லாதபோதும் தோன்றும். அத்தகைய களஞ்சியம் உண்டு என்பதையே பிறர் அறியலாகாது என்பதற்காக அமைந்த மழுப்பல் அது. மொழிபெயர்ப்பாளர் அதனைத் தெளிவுபடுத்த முயலாது அவ்வாறே விடுதல் வேண்டும்.