கமரா காட்டாத இடம்

எங்கட அப்பாமார் காரைப் பின்னுக்கு எடுக்கிறதென்றால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பினம். எங்களுக்கு இப்ப கண் திரையிலதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் 2018 மே 1 முதல் தயாரான புதுக் கார், வான், சிறிய ட்ரக் எல்லாவற்றிலும் பின்பக்கக் கமரா கட்டாயம். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது பெற்றோர் தெரிந்திருக்கவேண்டிய கதை.

2002இல் நியூயோர்க் மாநிலத்தில் கமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுப் பிள்ளை, சொந்த வீட்டு டிரைவ்வேயில், தகப்பன் பின்னுக்கு எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தது. தகப்பன் ஒரு குழந்தை மருத்துவர். 2008இல் வந்த அமெரிக்கச் சட்டம் அந்தப் பிள்ளையின் பெயரில்தான் இருக்கிறது.

2014இல் விதியை இறுதியாக்கியபோது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு கணக்குச் சொன்னது. வண்டி பின்னுக்குப் போய் மோதுவதால் ஆண்டுக்குச் சராசரி 210 பேர் இறக்கிறார்கள், 15,000 பேர் காயப்படுகிறார்கள். இறப்பவர்களில் 31 வீதம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 26 வீதம் எழுபதும் அதற்கு மேலும். அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒன்றாக வாசலில நிற்கிற எங்கட வீடுகளை நினைச்சுப் பாருங்கோ.

கமரா வந்தது நல்லதுதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. விதி கேட்பது, வண்டிக்குப் பின்னால் ஏறக்குறைய 10 அடி அகலம், 20 அடி நீளமான இடம் திரையில் தெரியவேண்டும் என்பது. ரிவர்ஸ் போட்டு 2 செக்கனுக்குள் படம் வந்தால் போதும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 2 செக்கனில் வண்டி இரண்டரை மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் படம் வரும்வரை பிரேக்கில இருந்து கால் எடுக்கக் கூடாது.

அடுத்தது லென்ஸ். அகலமாகக் காட்டும் லென்ஸில் எல்லாம் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். திரையில் வரும் கோடுகள் நிலமட்டத்தைக் கணக்குப் பண்ணிப் போட்டவை. பின்னால் நிற்கும் ட்ரக்கின் நீட்டிக்கொண்டிருக்கிற தட்டு, கோடு காட்டுவதைவிடக் கிட்ட இருக்கும்.

பீப் சத்தம் போடும் சென்சர் ஒலியலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரம் சொல்லுது. மெல்லிய கம்பம், பம்பருக்குக் கீழே கிடக்கும் சின்னச் சைக்கிள் போன்றவற்றை அது தவறவிடலாம். தடிப்பான குளிர்ஜாக்கெட் ஒலியை உறிஞ்சிவிடும். குளிர்காலத்தில் பிள்ளை போட்டிருப்பதே அதுதானே!

ரோட்டு உப்பும் சேறும் லென்ஸை மூடினால் திரை மங்கும். தினமும் மெல்லிய ஈரத்துணியால் ஒரு துடை போதும். எங்கட வண்டியில் படம் இடைக்கிடை முழுக் கறுப்பாய்ப் போச்சு. முதலில் காட்டின கராஜில் புதுக் கமரா போடவேணும் என்று பெரிய தொகை சொன்னார்கள். வேறொரு மெக்கானிக் பார்த்தபோது, பின்கதவின் கீல் பக்கம் மடங்கி மடங்கி ஒரு வயர் அறுந்திருந்தது. கதவை ஏற்றி இறக்கும்போது படம் வந்து வந்து போனால் முதலில் அந்த வயரைப் பார்க்கச் சொல்லுங்கோ.

கமராக் கோளாறுக்காகப் பல உற்பத்தியாளர்கள் வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். உங்கட 17 இலக்க வின் நம்பரை உற்பத்தியாளரின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கோ. பட்டியலில் இருந்தால் பெரும்பாலும் காசில்லாமல் திருத்தித் தருவார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் இருந்து ஓடிவருகிற பிள்ளை கமராவுக்குப் பிந்தித்தான் தெரியும். எங்கட வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கு: கார் ஸ்டார்ட் பண்ண முதல் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பிள்ளைகள் எங்கே நிற்கினம் என்று சத்தமாகக் கேட்டு, ஒரு பெரியவர் அவர்களின் கையைப் பிடித்திருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் ரிவர்ஸ். மகளுக்கு ஏழு வயது. ஏறமுதல் “அப்பா, சுத்திப் பாத்தாச்சா?” என்று இப்ப அவள்தான் கேட்கிறாள்.