மங்கலம்பேட்டை இன்ஜினியர்

என் அப்பா மங்கலம்பேட்டைக்காரர். பொதுப்பணித்துறையில் சேர்ந்து, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். ஊரில் அவர் ‘இன்ஜினியர் ஐயா’.

அவர் ஓயாமல் பேசியது வீராணம் ஏரியைப் பற்றித்தான். பராந்தக சோழன் காலத்து ஏரி. உச்ச மட்டம் 47.5 அடி. கொள்ளிடக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. 2004 முதல் சென்னையும் குடிக்கிறது.

ஐப்பசி அடைமழையில், கரையைக் காவல் பார்க்கும் ஊழியரான லஸ்கரோடு ஏரிக்கரையில் நடப்பார். வெளிச்சரிவில் கசிவு கண்டால் குனிந்து உள்ளங்கையில் ஏந்தி, டார்ச் அடித்துப் பார்ப்பார். “தெளிவா வந்தா கவனிச்சுக்கிட்டே இருக்கலாம்ப்பா. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம்.” அந்த வாயைக் களிமண்ணால் அடைக்க விடமாட்டார். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். முதலில் மணல், மேலே ஜல்லி பரப்பி, சுற்றிலும் மூட்டை அடுக்கச் சொல்வார். தண்ணீர் வடியும், மண் நிற்கும்.

உடையாத கரைக்கு யாரும் மாலை போடுவதில்லை. அவர் செய்த பெரிய வேலை அதுதான் என்பேன்.

உங்கள் ஊர் ஏரிக்கரையில் கலங்கிய கசிவைக் கண்டால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே தகவல் சொல்லுங்கள்.