பழைய நாற்காலியும் பழைய தூசியும்

தங்கவயலில் இருந்து வெளியூர் போன தமிழ்க் குடும்பங்களில் பழைய மரச்சாமான் ஏதாவது ஒன்று கூடவே வந்திருக்கும். ஈஸி சேரோ, பிரம்பு பின்னிய பெஞ்சோ, கண்ணாடி வைத்த அலமாரியோ. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் துரைமாருக்குப் பங்களாக்கள் எழுந்தன. நம்மவர்களுக்கு லைன் வீடுகள். எங்கள் வீட்டு ஈஸி சேரும் ஒரு பங்களாவில் இருந்து கைமாறி வந்ததுதான் என்பார் அப்பா. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டு நாங்கள் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தபோது அதையும் வண்டியில் ஏற்றினோம்.

பல வருஷம் கழித்து அதற்குப் புது வண்ணம் அடிக்கலாம் என்று உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர், பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காய்ஞ்சத தேச்சு தூசிய கெளப்பாதேப்பா. உள்ளே டிரில் போடறப்பவே தண்ணி விட்டுத்தான் போடுவோம்."

அவர் சொன்னதில் ஊர் வரலாறே இருக்கிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதலில் பதிவானது 1934இல், கோலார் தங்கச் சுரங்கத்தில்தான். கல்லைத் துளைக்கும்போது கிளம்பும் நுண்தூசி நெஞ்சில் தங்கிவிடுவதே காரணம். தண்ணீர் விட்டால் தூசி பறக்காமல் சேறாக வழிந்துவிடும்.

சுரங்கத்தில் இருந்தது கல் தூசி. நாற்காலியில் இருப்பது வண்ணத் தூசி. அந்தக் கால எனாமலில் நிறத்துக்காகவும் சீக்கிரம் உலர்வதற்காகவும் ஈயம் சேர்ப்பார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை. வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய வண்ணம் எதையும் ஈயம் உள்ளதாகவே நினைத்துக்கொள்வது நல்லது.

செய்முறை கடினமில்லை. மேலே இருப்பது வண்ணமா, பாலிஷா என்று முதலில் பாருங்கள். பாலிஷ் என்றால் மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்டவே வேண்டாம். அழுக்கைத் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் மெல்லிசாகப் பலமுறை பூசினால் பளபளப்பு திரும்பிவிடும். தேக்கு, ஈட்டி மரங்களின் ரேகையை எனாமலால் மூடுவது பாவம்.

வண்ணம் என்றால், உரியாமல் இருக்கும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து அப்படியே விட்டு, அதன்மேல் பூசலாம். உரிந்த இடத்தில் மட்டும், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். நெருப்பு காட்டி உரிக்கக் கூடாது. புகையிலும் ஈயம் வரும். வேலையை வாசலுக்கு வெளியே, கீழே பிளாஸ்டிக் விரித்துச் செய்யுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது. முகத்தில் துணி கட்டினால் மட்டும் போதாது. செதில்களைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள், கீரைப்பாத்தியில் கொட்டாதீர்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

ஆட்டம் கண்ட காலுக்கு ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். பழைய வஜ்ஜிரத்தை வெந்நீர்த் துணியால் இளக்கி, மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுப் பசை வைத்து, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விட்டால் போதும். மரம் நன்றாக உலர்ந்தபின் பிரைமர், அதன்மேல் ஈயம் கலக்காதது என்று டப்பாவில் அச்சிட்ட வண்ணம், இரண்டு மெல்லிய பூச்சு.

எங்கள் சேருக்கு நான்கு நாள் பிடித்தது. காய்ந்த தாளால் தேய்த்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் பேத்தி தவழும் தரை அது. தூசியின் விலை என்னவென்று நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.