களியக்காவிளை எல்லையைத் தாண்டும் மூன்று சாமிகள்: நவராத்திரி ஊர்வலத்தின் கதை என்ன?

ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு முன்னால், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூன்று சாமி சிலைகள் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புகின்றன: பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. 50 கிலோமீட்டருக்கும் மேல் நடைப்பயணம். வழியில்தான் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும்.

ஏன் இந்தப் பயணம்?

திருவிதாங்கூரின் பழைய தலைநகர் பத்மநாபபுரம். அங்கேதான் அரச குடும்பத்தின் நவராத்திரி பூஜை. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பூஜையும் அங்கே போனதால், சாமிகளை வருஷாவருஷம் அழைத்துப் போகும் வழக்கம் வந்தது. சரஸ்வதி சிலை கம்பர் வழிபட்டது என்பது ஐதிகம்.

எல்லை எப்போது குறுக்கே வந்தது?

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அவ்வளவு கசப்புக்குப் பிறகும் ஊர்வலம் நிற்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கே அரச உடைவாள் கைமாறிய பிறகுதான் ஊர்வலம் புறப்படும். இரண்டு மாநில அரசும் கைகோக்காமல் இது நடக்காது.

வழியில் என்ன நடக்கும்?

முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல். இரண்டாம் நாள் களியக்காவிளையில் கேரளம் வரவேற்கும். போலீஸ் மரியாதையும் உண்டு. பாறசாலைப் பக்கம் வீட்டு வாசல்களில் விளக்கேற்றி, பூவும் பழமும் வைத்துக் காத்திருப்பாங்க. அன்றிரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம்.

அங்கே போய்?

கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதி வீற்றிருப்பார். ஒன்பது இரவும் ஸ்வாதித் திருநாள் கிருதிகளோடு கச்சேரி நடக்கும். ஆனா, அந்த மேடையில் பெண்கள் பாடியதில்லை. 2006இல்தான் அது மாறியது. முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். சாமி கடந்துபோகும் அதே பாறசாலையில் 1924இல் பிறந்தவர். அப்போது அவருக்கு 80 வயது தாண்டியிருந்தது.

ஏன் இது முக்கியம்?

'பாரம்பரியம் மாறாதது'ன்னு சொல்றது சுலபம். இங்கே தலைநகர் மாறியிருக்கு, மாநிலம் மாறியிருக்கு, பாடுறவங்களும் மாறியிருக்காங்க. விழா அதனால நின்னு போகல.

பார்க்கணும்னா, இரண்டாம் நாள் களியக்காவிளைக்குப் போங்க. விஜயதசமி முடிந்து ஒருநாள் ஓய்வுக்குப் பிறகு, சாமிகள் வந்த வழியே ஊர் திரும்பும். முதல் தடவை தவறவிட்டாலும், திரும்பும்போது பார்த்துடலாம்.